பார்க்கப் போகவில்லை, ஆடப் போகிறோம்

(சுங்கை பூலோவில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் சங்கக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)

விடியுமுன் மரம் வெட்டப் போய், பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்தும் குளியாமலும் இங்கே ஓடிவந்திருக்கும் தோழர்களே!

சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம் என்று எண்ணி வந்தவர்கள் மன்னிக்கவேண்டும். இன்று நாங்கள் எழுந்து நிற்பது நம் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேச. விளையாட்டுக்கு ஒரு கூட்டமா என்று சிரிக்காதீர்கள். சிரித்ததனால்தான் இந்தப் பேச்சே வந்தது.

மனநோயால் வாடும் இளைஞர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் ஒரு குழு கூடுகிறது. கேரம், பூப்பந்து, பாட்டு, கொஞ்சம் செடி நடுதல். மாத்திரையோடு விளையாட்டையும் மருந்தாகக் கொடுக்கும் முறை அது. உடன் ஆட வெளிப்பிள்ளைகளும் வேண்டும் என்று நம் சங்கத்தைக் கேட்டார்கள். சனிக்கிழமை ஓய்வுள்ள எட்டுப் பேரை அனுப்பினோம். இரண்டு வாரம் போனார்கள். மூன்றாம் வாரம், "இப்போதைக்கு வரவேண்டாம்" என்று செய்தி வந்துவிட்டது.

நடந்ததை மறைப்பதில் பயனில்லை. நம் பிள்ளைகள் உறுமி மேளத்தோடு போனார்கள். யாரையும் கேட்கவில்லை. முழக்கத்தைத் தாங்காமல் ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் குந்திவிட்டான். நம்மவர் சிலர் சிரித்தார்கள். ஒருவன் அதைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்பினான். மூலையில் குந்திய பையன் யாரென்று நினைக்கிறீர்கள்? நம் லயத்துப் பிள்ளை! கிள்ளானில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறான் என்று அவன் தாய் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஒரே இரவில் அந்தப் படம் தோட்டம் முழுவதும் சுற்றியது. மறுநாள் கடைவாசலில் அந்த அம்மாள் காதுபடவே ஒருவர், "தஞ்சோங் ரம்புத்தானா?" என்று கேட்டார். பையன் அதன்பிறகு அந்தக் குழுவுக்குப் போகவே இல்லை.

தோழர்களே, தஞ்சோங் ரம்புத்தான் பேராக்கில் உள்ள ஓர் ஊர். 1911-ஆம் ஆண்டிலிருந்து அங்கே மனநோய் மருத்துவமனை இருக்கிறது. எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. நாமோ அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். நாம் கூடியிருக்கும் இந்தச் சுங்கை பூலோ மட்டும் என்ன? பெயரைச் சொன்னாலே முகம் சுளித்த காலம் இதற்கும் உண்டு.

1926-இல் தொழுநோயாளரைப் பிரித்து வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. 1930-இல் இங்கே குடியிருப்பு திறந்தார்கள். பூட்டி வைக்கும் கொட்டடியாக இல்லாமல், தோட்டம் சூழ்ந்த ஊராக இருக்கவேண்டும் என்று பாடுபட்டவர் டாக்டர் டிரேவர்ஸ். வீடுகள், பள்ளிக்கூடம், கோயில், மசூதி, தேவாலயம், விளையாட்டுத் திடல், சாரணர் படை எல்லாம் உள்ளேயே இருந்தன. நோயுள்ள சிறுவர்கள் அங்கே படித்தார்கள், பந்தாடினார்கள். அந்தக் காலத்தில் நல்ல மருந்து ஏது? சால்மோக்ரா எண்ணெயை ஊசியில் ஏற்றுவார்கள். பயன் குறைவு, வலியோ அதிகம். டாப்சோன் என்ற மாத்திரை வந்தது 1940-களின் பிற்பாதியில். அதுவரை ஒரு பிள்ளையைப் படுக்கையிலிருந்து எழுப்பி வெளியே கொண்டுவர, பந்துக்கும் பாட்டுக்கும் பள்ளி மணிக்கும் மேலாக அதிகம் இருக்கவில்லை.

தொழுநோய் நரம்பைத் தின்னும். உணர்ச்சி போய்விடும். காலில் கொப்புளம் கிளம்பினாலும் அந்தப் பிள்ளைக்கு வலிக்காது. ரத்தத்தைக் கண்ணால் கண்ட பிறகே தெரியும். அப்படிப்பட்டவனோடு ஆடுகிறவனுக்குத் தன் கண் மட்டும் போதாது, அவன் காலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மனநோய்ப் பிள்ளைகளோடு ஆடும்போதும் இதுவேதான். கொப்புளம் எங்கே என்று வெளியே தெரியாது, அவ்வளவே வித்தியாசம். மேளச் சத்தம் ஒருவனுக்குக் கொண்டாட்டம், இன்னொருவனுக்குத் தாங்கமுடியாத அடி.

ஆனால் அந்தக் காலத்தைப் புகழ்ந்துவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. திடலைக் கொடுத்தார்கள், வெளியே போகும் வாசலைக் கொடுக்கவில்லை. உள்ளே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தார்கள். வெளியார் தொட அஞ்சுவார்களென்று 1936-இல் குடியிருப்புக்கென்றே தனி நோட்டு அடித்தார்கள். உள்ளேயே ஆடு, உள்ளேயே பாடு, எங்கள் பக்கம் வராதே என்பதுதானே இதற்குப் பொருள்? இன்று நிலைமை வேறு. 1980-களில் வந்த கூட்டு மருந்து முறையால் தொழுநோய் முற்றாகக் குணமாகிறது. மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றாது. பழைய குடியிருப்பின் ஒரு பகுதியை 2007-இல் இடித்தும் விட்டார்கள். மீதியிருக்கும் வட்டாரத்தில் பூச்செடி வாங்கக் கோலாலம்பூரிலிருந்து மக்கள் வருகிறார்கள். நோய்க்கு மருந்து கண்டாயிற்று, முகம் சுளிக்கிறவனுக்கு இன்னும் காணவில்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருவோம். கேரம் ஆடினால் மனநோய் தீருமா என்று ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்விதான். கேரம் மட்டும் தீர்க்காது. ஆனால் இந்த நோய் ஒரு பிள்ளையிடமிருந்து முதலில் பிடுங்குவது எதை? தூக்கத்தை, ஒன்றில் மனம் ஊன்றுவதை, மனிதர்மேல் வைத்த நம்பிக்கையை. தன் முறை வரும்வரை காத்திருப்பது, காயைக் குறிபார்ப்பது, தோற்றாலும் அடுத்த வாரம் திரும்பி வருவது, எதிரே இருப்பவன் தன்னைக் கேலி செய்யமாட்டான் என்று நம்புவது, இவற்றை அந்தப் பலகைக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக மீட்கிறான். எதிரே உட்காருகிற நம் பிள்ளையும் அந்த மருந்தில் ஒரு பங்கு. அவன் இளித்தால் மருந்து கெட்டது.

வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பதும் கூடாது. முதல் வாரம் நம்மவன் ஒருவன் அப்படிச் செய்தான், பரிதாபத்தால். எதிரே இருந்த பெண்பிள்ளை பலகையைத் தள்ளிவிட்டு, "ஒழுங்காக ஆடுகிறவர்களைக் கூப்பிடுங்கள்" என்றாளாம். பலே பெண்! என்ன வியாதி, என்ன மாத்திரை என்று கேட்கக்கூடாது. அவர்களாகச் சொன்னாலும் அது அந்த அறையை விட்டு வெளியே வரக்கூடாது, நம் தாயிடம்கூட. யாராவது ஆட விரும்பாமல் ஓரமாக உட்கார்ந்தால், அவனும் ஆட்டத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொள்ளவேண்டும். இழுத்து வரக்கூடாது.

இன்னொன்று. எங்களுக்கே வெட்கமான செய்தி. அந்தத் தாய் சனிக்கிழமைதோறும் மகனை அழைத்துக்கொண்டு போனபோது ஒருநாள் கூலி போயிற்று. செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதியது கிராணிமார்களாகிய எங்கள் கைதான். ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. மகனுக்கோ மகளுக்கோ இப்படிச் சிகிச்சை இருக்கும் தொழிலாளிக்கு அந்த நாளில் கூலி வெட்டு கூடாது என்று நிர்வாகத்திடம் கேட்கப்போகிறோம். மறுத்தால், பேருந்துச் செலவையாவது சங்க நிதியிலிருந்து கொடுப்போம். தீர்மானத்தை இன்றே வைக்கிறோம், கைதூக்குங்கள்.

படம் பிடித்த தம்பி சென்ற வாரம் எங்களோடு அந்த லயத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என்னிடம் ஏன் தம்பி கேட்கிறாய்? அவன் உள்ளேதான் இருக்கிறான்" என்றாள். கதவு திறக்கவில்லை. தம்பி வாசல்படியிலேயே உட்கார்ந்து, கதவுக்கு இந்தப்பக்கமிருந்து சொல்லிவிட்டு வந்தான்.

குழுவினர் நால்வரை மட்டும் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேன் புறப்படும். உறுமி வேண்டாம். கைத்தொலைபேசிகளை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு ஏறவேண்டும். வேனில் ஐந்தாவது இடம் ஒன்று காலியாக விட்டிருக்கிறோம். அந்த லயத்து வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் வண்டி போகும்.