ஏரிக்கரையில் ஓர் இரவு: யார் தோளில் ஏறிச் செல்கிறோம்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடுமுறையில் மலையேறிப் போய், யாரும் இல்லாத ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது நம் இளையோருக்குத் தேவைதானா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய ஒருவர், ஆபத்தை விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்றார். இன்னொருவர், நான்கு சுவருக்குள் வளரும் பிள்ளைகளுக்கு இதுதான் துணிவைக் கற்றுக்கொடுக்கும் என்றார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இருவருமே ஏறுகிறவர்களைப் பற்றித்தான் பேசினார்கள். நான் ஏற்றிவிடுகிறவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பொதுவாகப் பேசாமல் ஒரு மலையையே எடுத்துக்கொள்வோம். இந்தோனேசியாவின் லொம்போக் தீவில் உள்ள ரிஞ்சானி. மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் போய் வருகிற மலை. உயரம் 3,726 மீட்டர். நம் கினபாலுவைவிடக் குறைவுதானே என்று நினைத்துவிட வேண்டாம். கினபாலுவில் இரவு தங்கக் கட்டடம் உண்டு, கட்டில் உண்டு. ரிஞ்சானியில் கூடாரம்தான்.

அந்த மலையின் மடியில், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி இருக்கிறது. பெயர் செகாரா அனாக். கடலின் குழந்தை என்று பொருள். செகாரா என்பது வேறொன்றுமில்லை, நாம் சாகரம் என்கிறோமே, அதே சொல்தான். ஆழம் 200 மீட்டருக்கும் அதிகம். ஏரிக்குள்ளேயே பாரு ஜாரி என்ற சிறிய எரிமலை ஒன்று முளைத்து நிற்கிறது. 2015இல் அது புகையும் சாம்பலும் கக்கியபோது பாலித் தீவின் விமான நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று.

இந்த ஏரி எப்படி வந்தது? 1257இல் அங்கே சாமாலாஸ் என்ற மலை வெடித்துச் சரிந்தது. கடந்த பல ஆயிரம் ஆண்டுகளில் உலகம் கண்ட மாபெரும் வெடிப்புகளில் அதுவும் ஒன்று. அதன் தடயம் கிரீன்லாந்திலும் அண்டார்டிக்காவிலும் பனிக்கட்டிக்குள் பதிந்து கிடந்தது. எந்த மலையிலிருந்து வந்தது என்று தெரியாமல் அறிவியலாளர்கள் நெடுங்காலம் தேடினார்கள். 2013இல்தான் விடை கிடைத்தது. அதற்குத் துணை நின்றவை எவை தெரியுமா? லொம்போக் மக்கள் போற்றிக் காத்த ஓலைச்சுவடிகள். பாமாத்தான் என்ற ஊர் அழிந்த கதையை அவை சொல்லியிருந்தன. ஓலைச்சுவடியின் அருமை தெரிந்த நமக்கு இது மகிழ்ச்சியான செய்தியல்லவா?

பாலி இந்துக்களுக்கும் சாசாக் மக்களுக்கும் அந்த ஏரி புனிதமானது. பெகெலெம் என்ற சடங்கில் பொன்னைக் காணிக்கையாக நீரில் விடுவார்கள். நாம் கூடாரம் போடப் போவது இன்னொருவர் கும்பிடும் இடத்தில் என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

அங்கே போவது எப்படி? செம்பாலூன் கிராமத்திலிருந்து புறப்பட்டால், வெயில் கொளுத்தும் புல்வெளியில் சில மணி நேரம் நடக்க வேண்டும். பிறகு வருவது ‘புக்கிட் பென்யெசாலான்’. ஏன் வந்தோம் என்று வருந்த வைக்கும் குன்றுகள்! மாலையில் 2,600 மீட்டர் உயரத்து மலை விளிம்பை எட்டினால், ஏரி காலுக்குக் கீழே தெரியும். அன்றிரவு அங்கே தங்கிவிட்டு, அடுத்த நாள் ஏறத்தாழ 600 மீட்டர் செங்குத்தாகக் கீழிறங்கினால் கரையை அடையலாம். பக்கத்திலேயே வெந்நீர் ஊற்றும் உண்டு. வலித்த கால்களை அதில் வைத்தால் வருகிற சுகத்தைச் சொல்லி முடியாது. இரவில் குளிர் எலும்பைத் தொடும். ஆனால் வானத்தைப் பார்த்தால் குளிர் மறந்துபோகும். நகரத்து வெளிச்சத்தில் நாம் தொலைத்த அத்தனை நட்சத்திரங்களும் அங்கே இருக்கின்றன.

மறுநாள் காலையில் எல்லோரும் படம் எடுப்பார்கள். நான் கேமராவுக்கு முன் நின்று பிழைப்பவள். அதனால் ஒன்றைக் கவனித்தேன். படத்தில் ஏரி இருக்கும், கூடாரம் இருக்கும், கையில் சுடச்சுடக் காப்பியோடு நாம் இருப்போம். அந்தக் கூடாரத்தையும் காப்பித் தூளையும் அடுப்பையும் சுமந்து வந்தவர் மட்டும் இருக்க மாட்டார்.

மூங்கில் கழியின் இரு முனையிலும் கூடை. அதில் அரிசி, முட்டை, தண்ணீர், கூடாரம், படுக்கை. அதைத் தோளில் வைத்துக்கொண்டு, நமக்கு முன்னே ஓடிப் போய், நாம் வந்து சேர்வதற்குள் சோறு ஆக்கி வைத்திருப்பார். பலர் காலில் வெறும் ஜப்பான் செருப்பு. “பாக், சப்பாத்து இல்லையா?” என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். சப்பாத்து மூன்று மாதத்தில் பிய்ந்துவிடும், அந்தக் காசுக்கு வீட்டுக்கு அரிசி வாங்கலாம் என்று சிரித்தார். மழைக்காலத்தில், வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் வரை, மலை மூடப்படும். அந்த மூன்று மாதம் மலையிலிருந்து வருமானம் இல்லை. வயல் வேலை கிடைத்தால் உண்டு.

சுமப்பதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுகிறதா? 2018 ஜூலை 29ஆம் தேதி காலையில் லொம்போக்கில் 6.4 அளவிலான நிலநடுக்கம். மலைச்சரிவால் பாதைகள் அடைபட்டு, நூற்றுக்கணக்கான மலையேறிகள் மேலே சிக்கிக்கொண்டார்கள். அவர்களைக் கீழே கொண்டுவந்ததில் உள்ளூர் வழிகாட்டிகளுக்கும் சுமைதூக்கிகளுக்கும் பெரும் பங்குண்டு. அவர்களுடைய சொந்த ஊரிலும் அன்று வீடுகள் இடிந்து கிடந்தன.

2025 ஜூனில் பிரேசில் நாட்டைச் சேர்ந்த 26 வயதுப் பெண் ஒருவர் சிகரம் செல்லும் பாதையில் தவறி விழுந்து இறந்தார். சோர்ந்துபோய்க் குழுவிலிருந்து பின்தங்கியிருந்த வேளையில் அது நடந்ததாகச் செய்திகள் கூறின. மூடுபனியால் ஹெலிகாப்டரைப் பயன்படுத்த முடியவில்லை. மீட்புக் குழுவோடு உள்ளூர்த் தன்னார்வலர்கள் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். உடலை மேலே ஏற்றும்வரை, ஓர் இரவு முழுவதும் அந்தச் சரிவிலேயே காவல் இருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பிள்ளைக்காக! அதே மாத இறுதியில் ஏரிக்குப் போகும் பாதையில் மலேசியர் ஒருவரும் விழுந்து காயமடைந்தார். ஆகஸ்டில் பாதைகளைச் சில நாள் மூடிப் பாதுகாப்பை மேம்படுத்தினார்கள்.

ஆகவே, போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். போகும்போது சிலவற்றைச் செய்யுங்கள் என்கிறேன்.

முதலாவது, மலிவு விலையை மட்டும் பார்த்துப் பயண நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். விலை குறைந்தால் அது யாரோ ஒருவருடைய கூலியிலோ, குழுவுக்கு எத்தனை வழிகாட்டி என்ற கணக்கிலோதான் குறைகிறது. “சுமைதூக்கிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? எத்தனை கிலோ சுமக்கிறார்? அவருக்குக் காப்புறுதி உண்டா? அவர் தூங்கக் கூடாரம் உண்டா?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, நண்பர்களில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவருடைய வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும். யாரையும் தனியே விடாதீர்கள். வழிகாட்டி ‘போதும், திரும்புவோம்’ என்றால் பணம் கட்டியதைச் சொல்லி வாதாடாதீர்கள்.

மூன்றாவது, குப்பை. மிட்டாய்த் தாள் முதல் ஈரத்தாள் வரை கொண்டுபோனது அனைத்தும் உங்கள் பையிலேயே கீழே வரட்டும். நம் கோயில் குளத்தில் யாராவது போத்தலை வீசினால் பொறுப்போமா?

நான்காவது பெற்றோர்களுக்கு. பிள்ளை கேட்டதும் ‘முடியாது’ என்று முடித்துவிட்டால் சிலர் சொல்லாமல் போவார்கள். அதைவிட, மூன்று மாதம் முன்பே உடற்பயிற்சியைத் தொடங்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மீட்புச் செலவையும் ஏற்கும் பயணக் காப்புறுதியை எடுத்துக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்த ஏரிக்கரையில் காலையில் படம் எடுக்கும்போது, அடுப்பருகே குந்தியிருப்பவரையும் கூப்பிடுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். அந்தப் படத்தை ஊருக்கு வந்து காட்டும்போது, “இவர்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்” என்று பெயர் சொல்லிக் காட்டுங்கள். துணிவைக் கற்றுக்கொள்ளப் போன பிள்ளை நன்றியையும் கற்றுக்கொண்டு வந்தால், அந்தப் பயணம் தேவையா என்ற கேள்வி நம் வீட்டில் எழாது.