கைகள் முதலில் படிக்கட்டும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோருக்கு ஆற்றிய உரை)



இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளைப் பாராட்டப் பலர் இருக்கிறார்கள். நான் இன்னும் பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதோ, அம்மா மடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகள்தான் அவர்கள்.

என் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு பையன். களிமண்ணைக் கையில் கொடுத்தேன். "அழுக்கு டீச்சர்" என்று கையை இழுத்துக்கொண்டான். இரண்டு வரி எழுதுவதற்குள் அவன் விரல் சோர்ந்துவிடும். அவன் அம்மாவைக் கேட்டேன். "ரொம்ப சாது டீச்சர். போனைக் கொடுத்தா சத்தமே இருக்காது" என்றார். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். இருட்டோடு பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, வீடு வந்து சமைப்பவர் அவர். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய நானே என் மகளுக்கு அதைத்தானே செய்தேன்! என் மாமியார்தான் ஒருநாள் போனை வாங்கி வைத்துவிட்டு, "பிள்ளைய மண்ணுல விடும்மா" என்றார்.

உலகச் சுகாதார நிறுவனமும் 2019-இல் இதை ஒட்டித்தான் சொன்னது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம்; இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

சரி, போனை வாங்கிவிட்டால் கையில் எதைக் கொடுப்பது? கடைக்குப் போய் வெள்ளியைச் செலவழிக்க வேண்டாம். நம் நாட்டில் எப்போதும் ஒரே வெயில், ஒரே மழை என்பார்கள். தோட்டத்தில் இருக்கும் நமக்குத் தெரியும், ஒவ்வொரு பருவமும் ஒன்றைக் கொண்டுவருகிறது.

தை பிறக்கும்போது வீட்டில் கோலமாவு இருக்கும். ஒரு தாம்பாளத்தில் அரிசிமாவைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து ஒரு கோடு இழுங்கள். பிறகு அதன் போக்கில் விட்டுவிடுங்கள். மீதி மாவில் தண்ணீரும் மஞ்சள்தூளும் சேர்த்துப் பிசையக் கொடுங்கள். நாளை பென்சில் பிடிக்கும் பலம் அங்கேதான் வருகிறது.

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும். ஒரு கூடை சருகை உதறி, பூரான், பூச்சி இல்லை என்று பார்த்து, வாசலில் கொட்டி நடக்க விடுங்கள். பக்கத்தில் ஒரு வாழையிலைத் துண்டு வையுங்கள். இது மொறமொற, அது வழவழ. செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு மா, பலாச் சருகு போதும்.

பழக் காலத்தில் ரம்புத்தான் தோலின் முடியைக் கன்னத்தில் தடவிப் பாருங்கள், குழந்தை எப்படிச் சிரிக்கிறதென்று! பழத்தை முழுதாகக் கொடுத்துவிடாதீர்கள். கொட்டை நீக்கி, சின்னத் துண்டாக்கி ஊட்டுங்கள்.

கித்தாக் காய் வெயிலில் 'டப்' என்று வெடிக்கும் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, மூடியை டேப்பால் இறுகச் சுற்றுங்கள். நல்ல கிலுகிலுப்பை. ஆனால் கொட்டையைத் தனியாகக் கையில் தரவே கூடாது. தொண்டையில் அடைக்கும். பச்சைப் பருப்பில் சயனைடு உண்டாக்கும் நஞ்சும் இருக்கிறது.

ஆண்டுக் கடைசி மழையில் வெளியே விட முடியாதா? பேசினில் கொஞ்சம் தண்ணீர், ஒரு கொட்டாங்கச்சி, ஒரு கரண்டி. சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டு ஆறவைத்தால் நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதா. ஆனால் பக்கத்தைவிட்டு நகராதீர்கள். சாண் ஆழம் கூட வேண்டாம், அதற்கும் குறைந்த தண்ணீரிலேயே குழந்தை மூழ்கிவிடும். விளையாடி முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டெங்கிக் கொசுவுக்கு நாம் தொட்டில் கட்ட வேண்டாம்.

இவை பாதிதான். மறுபாதி உங்கள் பேச்சு. குழந்தை தொடும்போது "வழவழ", "சொரசொர", "ஜில்லுன்னு இருக்கா?" என்று சொல்லுங்கள். கை தொட்டதும் காது கேட்டதும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தத் தமிழ்ச் சொல் மறக்காது. அந்தச் சொற்களோடு வரும் பிள்ளைக்குத்தான் எங்கள் எழுத்துப் பாடம் எளிதாகிறது.

அம்மாவுக்கு நேரமில்லையா? பரிசு வாங்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நீங்கள் செய்யுங்கள். நாளுக்குக் கால் மணி நேரம் போதும். பாட்டிமார்களே, உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

நான் சொன்ன அந்தப் பையன் இப்போது களிமண்ணில் பாம்பு உருட்டுகிறான். "வழவழன்னு இருக்கு டீச்சர்" என்கிறான். சந்தோஷந்தான். ஆனால் ஏழு வயதில் தொடங்கியதை அவன் இரண்டு வயதிலேயே தொடங்கியிருக்கலாமே! மடியிலிருக்கும் பிள்ளைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்றைக்கு வீடு போனதும் தொடங்குங்கள்.