தீவகத்துக்குச் சைக்கிளில் ஒரு சுற்று
(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை ஒட்டி ஒவ்வொரு வகுப்பினரும் ஏதாவது செய்யவேண்டும் என்று சங்கம் கேட்டிருந்தது. நாங்கள் தெரிந்துகொண்டது ஒரு சைக்கிள் பயணம். வானும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. பண்ணையில் தொடங்கி வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, காரைநகர் என்று மூன்று நாளில் சுற்றி வருவது. மேடையில் ஒரு வைத்தியர் ஏறினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதுவும் இடையில் வரும்.

இந்த யோசனை பிரான்சிலிருந்து வந்தது. அங்கே வாழும் எங்கள் வகுப்புத் தோழிகள் மூவர் சென்ற கோடையில் ரைம்ஸ் நகரிலிருந்து எப்பெர்னே வரை, ஷாம்பெயின் வைனுக்குரிய திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடாகச் சைக்கிளில் போனார்கள். ஏறக்குறைய 30 கிலோமீற்றர். படங்களை அனுப்பிவிட்டு, அவர்களில் புங்குடுதீவுப் பிள்ளை கேட்டாள்: "குறிகட்டுவானும் யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வளவு தூரம்தானே? நாங்கள் ஏன் ஒருநாளும் அங்கே ஓடிப் போகவில்லை?"

ஏன் என்பது எங்கள் வயதுக்காரருக்குத் தெரியும். 1990இல் தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகள் எங்களோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தார்கள். தீவகமும் குடாநாடும் இருவேறு கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. பண்ணைக் கரையில் நின்றால் மண்டைதீவு கண்ணுக்குத் தெரியும், போக முடியாது. பெற்றோல் இல்லாத அந்த நாட்களில் பாடசாலை, ரியூசன், ஆஸ்பத்திரி, கலியாணவீடு எல்லாமே சைக்கிளில்தான். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும் வீட்டுச் சாமான் சைக்கிள் கரியரில்தான் போனது. இத்தனை தூரம் ஓடிய நாங்கள் அந்த ஒரு பக்கம் மட்டும் ஓடவில்லை. பாதை திறந்த பிறகு எல்லோரும் போனோம். வானில் ஏறி, நயினை அம்மனைக் கும்பிட்டு, பின்னேரமே திரும்பினோம். வழியில் வேலணையும் புங்குடுதீவும் கண்ணாடிக்கு வெளியே ஓடி மறைந்தன. பூட்டிய வீடுகள், கூரையில்லாத வீடுகள், கிணற்றடியில் வளர்ந்த பற்றைகள். அவற்றில் சில எங்கள் தோழிகளின் வீடுகள்.

இனித் திட்டத்துக்கு வருவோம்.

முதலில் காற்று. தீவகத்தில் ஏற்றம் இறக்கம் கிடையாது. எங்களுக்கு மலை என்றால் காற்றுத்தான். வைகாசிக்குப் பிறகு சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். குறிகட்டுவானுக்குப் போகும்போது அது நெஞ்சில் தள்ளும். மணிக்கு 12 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 30 கிலோமீற்றர் இரண்டரை மணித்தியாலம். எதிர்க்காற்றில் வேகம் எட்டுக்குக் குறைந்தால் ஏறக்குறைய நாலு மணித்தியாலம், அதுவும் வெயிலுக்குள். வாடை அதற்கு எதிர்ப்புறம், வடகிழக்கிலிருந்து வருவது. மழை ஓய்ந்து வாடை தணிந்துவரும் மாசி முற்பகுதியைத் தெரிந்தோம். போகும்போது காற்று முதுகில் இருக்கும், கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். மூன்றாம் நாள் திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அன்றுதான் ஓட்டமும் கூட. களைத்தவர்கள் ஊர்காவற்றுறைக்குப் போகாமல் வேலணையிலிருந்து நேரே பண்ணைக்குத் திரும்பலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது தண்ணீர். தீவகத்தில் பல கிணறுகள் உவர். சாட்டியில் நல்ல தண்ணீர் உண்டு. நெடுந்தீவில் நல்ல தண்ணீர் என்பது பெரிய விடயம். ஒவ்வொருவரும் புறப்படும்போதே மூன்று லீற்றர் கொண்டுவரவேண்டும். வீடுகளில் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதனால்தான் கேட்காமல் இருக்கச் சொல்கிறோம். ஆளுக்கு நாலு பைக்கற் ஜீவனி போதும். பண்ணைத் தாம்போதியிலும், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலுள்ள வாணர் பாலத்திலும் ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. ஆகவே முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பண்ணையில் நிற்கவேண்டும், எட்டரைக்கு முன் வாணர் பாலத்தைக் கடக்கவேண்டும்.

முதல் இரவு புங்குடுதீவில், அந்தத் தோழியின் பெரியம்மா வீட்டில். இரண்டு அறைக்குக் கூரை போட்டாயிற்று, கிணறு இறைத்தாயிற்று. அவளும் பரிசிலிருந்து வருகிறாள். பத்து வயதில் விட்டுப்போன வீடு. அன்று பின்னேரம் சைக்கிளைக் குறிகட்டுவானில் விட்டு, கால் மணித்தியாலப் படகில் நயினாதீவு போய்வருவோம். சிறிய தீவு, நடக்கலாம். அம்மன் கோயிலையும் நாகதீப விகாரையையும் நடந்தே பார்த்துவிடலாம்.

நெடுந்தீவுக்குச் சைக்கிளைப் படகில் ஏற்றவேண்டும். ஒரு மணித்தியாலப் பயணம். நாளொன்றுக்குச் சில சேவைகள்தான். காலநிலைக்கு ஏற்ப நேரம் மாறும், ஆகவே முதல்நாள் இறங்குதுறையில் கேட்டு உறுதிசெய்வோம். மாவிலித்துறையில் இறங்கியதும் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம். அங்கே நிற்பதற்கு அட்டவணையில் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பிறகு ஒல்லாந்தர் கோட்டை, பெருக்குமரம், முருகைக்கல் வேலிகள், மேற்குப் பக்க வெளியில் குதிரைகள். நெடுந்தீவு சைக்கிளுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். ஆனால் உள்வீதிகளில் கல் கூர்மை. இரண்டு ரியூப், ஒட்டுச் சாமான், பம்ப் எல்லாம் வேண்டும்.

இங்கே வைத்தியராக ஒரு சொல். நெடுந்தீவில் பிரதேச வைத்தியசாலை உண்டு. ஆனால் கடைசிப் படகு போய்விட்டால், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கண்ணுக்கெட்டாத தூரம். அவ்வூர் மக்கள் வருடம் முழுவதும் இந்தக் கணக்கோடுதான் வாழ்கிறார்கள். நாங்கள் ஒரு இரவு அதை உணர்ந்தால் போதாதா? ஆகையால் நெஞ்சுவலிக்காக மருந்து எடுப்பவர்கள் நெடுந்தீவுப் பகுதியைத் தவிர்த்து புங்குடுதீவு வரை வாருங்கள். இன்சுலின் போடுபவர்கள் ஓட்டத்தன்று அளவை எப்படி மாற்றுவதென்று உங்கள் வைத்தியரிடம் முன்னரே கேளுங்கள். கைப்பையில் குளுக்கோசு இருக்கட்டும். இப்போதிருந்தே கிழமையில் மூன்று நாள் ஒரு மணித்தியாலம் ஓடிப் பழகுங்கள். சைக்கிளை நாங்கள் மறக்கவில்லை, முழங்கால்தான் மறந்திருக்கிறது.

இனி, பிரான்சுத் தோழிகள் கேட்ட விடயம். "ஷாம்பெயினுக்கு நிகராக அங்கே என்ன உண்டு?" கன்னியர் மாடத்து ஒழுக்கத்தோடு வளர்ந்த பிள்ளைகள் இதைக் கேட்கலாமா என்று எந்த ரீச்சரும் முறைக்கவேண்டாம். பனைதான் பதில். மாசி, பங்குனி பாளை வரும் காலம். சீவிய பாளையிலிருந்து முட்டியில் விழும்போதே மதுவம் வேலையைத் தொடங்கிவிடும். கள்ளில் நுரைப்பது ஷாம்பெயினில் நுரைக்கும் அதே காபனீரொட்சைட்டு. அங்கே போத்தலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கவைத்து, குறைந்தது 15 மாதம் நிலவறையில் வைக்கிறார்கள். கள்ளோ காலையில் இனித்து மாலையில் புளிக்கும். முட்டியில் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது. அதுதான் கருப்பநீர், பனங்கட்டியின் தாய். ஷாம்பெயினைப் பரிஸ் கடையில் எப்போதும் வாங்கலாம். அன்று இறக்கிய கருப்பநீரைப் பிளாவில் குடிக்க மரத்தடிக்குத்தான் வரவேண்டும். சீவல் தொழிலாளியிடம் முதல்நாளே சொல்லி, பேரம் பேசாமல் வாங்குவோம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது சீனித் தண்ணீர்தான், ஒரு வாய் போதும். கள்ளு வேண்டுபவர்கள் அன்றைய ஓட்டம் முடிந்து சைக்கிளைப் பூட்டிய பிறகு. வெயிலில் குடித்துவிட்டு ஓடினால் உடம்பு வற்றும், தாம்போதியின் இரு பக்கமும் கடல் வேறு.

மூன்றாம் நாள் காலை முதற்படகில் குறிகட்டுவான், அங்கிருந்து வேலணை வழியாக ஊர்காவற்றுறை. அங்கே பாதையில் சைக்கிளோடு ஏறினால் கடற்கோட்டையைப் பார்த்தபடி காரைநகர் போய்ச்சேரலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு விளக்கம்: இந்தப் பாதை நிலத்தில் இல்லை, கடலில் மிதக்கும் தட்டு. அதற்கப்பால் பொன்னாலை, வட்டுக்கோட்டை, வீடு.

செலவைப் பற்றி ஒன்று. சாப்பாட்டைப் பட்டணத்திலிருந்து கட்டிக்கொண்டு போகவேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். சோறு, கூழ், தேநீர், சைக்கிள் திருத்தம் எல்லாம் அந்தந்த ஊரிலேயே. இருபது பேருக்கு மேல் போனால் அங்குள்ள அடுப்புகளுக்கும் கிணறுகளுக்கும் பாரம். ஆகவே இருபதோடு நிறுத்துகிறோம். பதின்மூன்று பெயர் வந்துவிட்டது. மிகுதி ஏழு இடத்தில் இரண்டை இப்போது உயர்தரம் படிக்கும் தீவகத்து மாணவிகளுக்கு வைத்திருக்கிறோம். தேநீர் இடைவேளையில் மண்டப வாசலில் கொப்பியோடு நிற்போம். பெயரோடு உங்கள் இரத்த வகையையும் எழுதுங்கள்.