பதிவும் பொறையும்

(ஆவடியில் தசலட்சண விழாவில் ஆற்றிய உரை)



என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றையே முதலில் கூறுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வந்தவாசிப் பக்கத்து ஊர் நிலத்தைப் பங்கிடுவது பற்றிப் பேசுகையில், என் தம்பி தொலைபேசியில் கடுஞ்சொல் கூறிவிட்டார். என் கைப்பேசி அதனைத் தானே பதிவு செய்திருந்தது. அதனை நான் பலமுறை கேட்டேன். பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினேன். ஆறவேண்டிய புண் கேட்குந்தோறும் புதிதாயிற்று. க்ஷமாவாணி நாளில் அவரிடம் "பொறுத்தருள்க" என்று சொன்னேன். பதிவை மட்டும் அழிக்கவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். 2024 அக்டோபரில், மனைவி அறியாமல் கணவர் பெற்ற தொலைபேசி அழைப்பு விவரங்களைச் சான்றாக ஏற்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மறுத்தது. நம்பிக்கையே இல்லறத்தின் அடித்தளம் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமோ, வேறொரு வழக்கில், வாழ்க்கைத் துணை அறியாமல் பதிந்த பேச்சும் மணவழக்கில் சான்றாகலாம் என்றது. ஆயினும், ஒருவரையொருவர் உளவறியும் நிலையே அவ்வுறவு முறிந்ததன் அறிகுறி என்றும் சுட்டியது.

எது சான்றாகும் என்பதைச் சட்டம் சொல்லும். எது தகும் என்பதை அறநூல் சொல்லும். உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வாய்மை விரதத்திற்கு ஐந்து குற்றங்களைக் கூறுகிறார். அவற்றுள் ஒன்று, தனிமையில் நிகழ்ந்ததை வெளிப்படுத்துதல். பொய் சொன்னால் மட்டுமன்று, பிறர் மறையை உள்ளபடியே வெளியிட்டாலும் வாய்மை மாசுறும். "உள்ளதைத்தானே காட்டினேன்" என்று நான் கொண்டிருந்த சமாதானம் அங்கே உடைந்தது.

சென்ற ஆண்டு அப்பதிவை அழித்துவிட்டுத் தம்பியை அழைத்து உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அண்ணா, பிள்ளைகளும் கேட்டார்களா?" என்றார். எனக்கு நா எழவில்லை. கருவியிலிருந்து அழிப்பது எளிது. கேட்டவர் நெஞ்சிலிருந்து அழிக்க இயலாது.

ஆதலின் அன்பர்களே, பிறர் இசைவின்றி அவர் பேச்சைப் பதியாதிருப்போம். பதிந்திருப்பின், பிறர்க்குக் காட்டாமல் அழிப்போம். அதன்பின் பொறுத்தருள வேண்டுவோம்.