பல் தேய்ந்தால் வயிற்றையும் கவனியுங்கள்

(மீள்குடியேறிய குடும்பங்களுக்கான சுகாதாரக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

கூரைத் தகடு, கிணறு இறைப்பு, காணி உறுதி என்று ஆயிரம் கவலை இருக்கும்போது இந்தப் பிள்ளை பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறதே என்று சிலர் நினைப்பீர்கள். நான் வைத்தியரும் அல்ல, கலைப்பீடத்தில் படித்தவள். பல் வைத்தியர்களிடம் கேட்டறிந்ததைத்தான் சொல்கிறேன்.

முதலில் என் பெரியம்மாவின் கதை. முகாமில் இருந்த காலத்தில் அவருக்கு முன்பற்கள் கூசத் தொடங்கின. ஓட்டை இல்லை, கறுப்பும் இல்லை. ஆனால் பற்கள் மஞ்சளாகி, நுனி கண்ணாடி போல மெலிந்துவிட்டது. ஊத்தை என்று நினைத்து உமிக்கரி போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கூடியது. ஊருக்குத் திரும்பிய பின் பல் வைத்தியர் ஒருவர் சிறு கண்ணாடியால் மேல் முன்பற்களின் உட்புறத்தைப் பார்த்தார். பிறகு கேட்டது வயிற்றைப் பற்றி. "அம்மா, இரவிலே நெஞ்சு எரியிறதோ? புளிச்ச ஏவறை வாறதோ?" இரண்டும் பல வருடமாக இருந்தவைதான். பெரியம்மா அதை ஒரு வருத்தமாகவே எண்ணவில்லை.

பல்லின் மேல் மிளிரி என்ற கடினமான கவசம் இருக்கிறது. எனாமல் என்பதும் அதுதான். அமிலம் பட்டால் அது இளகிக் கரையும். இரைப்பையின் அமிலம் தேசிக்காய்ப் புளியை விடவும் கடுமையானது. நித்திரையில் உமிழ்நீர் குறைவு, அதனால் இரவில் மேலே வரும் அமிலம் கழுவப்படாமல் பல்லிலேயே தங்கும். போன மிளிரி திரும்ப வளராது. உள்ளே இருக்கும் மஞ்சள் நிறப் பகுதி வெளியே தெரிகிறது. அதைத்தான் நாங்கள் ஊத்தை என்று உரசுகிறோம்.

தேசிக்காய், புளி, சோடா வகைகளை அடிக்கடி வாயில் வைத்திருப்பவர்களுக்கும் பல் கரையும். அது பெரும்பாலும் பல்லின் வெளிப்புறத்தில் தெரியும். மேல் முன்பற்களின் உட்புறம் கரைந்திருந்தால் வயிற்றிலிருந்து அமிலம் வருகிறதா என்று வைத்தியர் சந்தேகிப்பார். கர்ப்பகால வாந்தி, அதிக மதுவால் வரும் வாந்தி, மனவருத்தத்தில் சாப்பாட்டை வேண்டுமென்றே வாந்தியெடுக்கும் பழக்கம் எல்லாம் இதில் அடங்கும். கடைசியாகச் சொன்னது இளம்பிள்ளைகளிடம் இருக்கலாம். ஏசாதீர்கள், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் வாய் காயும். மனநலத்துக்கும் பிறஷருக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் வாய் காயும். உமிழ்நீர் குறைந்தால் பல்லுக்குக் காவல் குறைகிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இடம்பெயர்வில் கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் நம்மிடையே பலர். கொப்பி இல்லை என்று வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். மீதியுள்ள மாத்திரை உறையைக் கொண்டு போனாலே வைத்தியருக்குப் பெரிய உதவி.

வாந்தி எடுத்தவுடன் பல் துலக்க வேண்டாம். நல்லெண்ணத்தில் எல்லோரும் செய்வது அதைத்தான், ஆனால் இளகிய மிளிரி தூரிகையோடு போய்விடும். வெறும் தண்ணீரால், அல்லது ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து, கொப்புளித்துத் துப்புங்கள். ஒரு மணித்தியாலம் கழித்து மென்மையான தூரிகையாலும் புளோரைட் உள்ள பற்பசையாலும் துலக்கலாம். உமிக்கரியும் செங்கல் தூளும் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணித்தியாலம் விடுங்கள். கட்டில் இருந்தால் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கல் வைத்து அரை அடி உயர்த்தலாம். நோ மாத்திரையைக் கடையில் வாங்கி வெறும் வயிற்றில் போடுவது வயிற்றை இன்னும் புண்ணாக்கும்.

விழுங்க முடியாமை, இரத்த வாந்தி, கறுப்பு மலம், காரணமில்லாமல் மெலிதல் இருந்தால் பல் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பல் கிளினிக் எந்த நாளில் என்று பக்கத்து அரச வைத்தியசாலையில் கேட்டறியுங்கள். பணம் இல்லை. "பல்லைப் பிடுங்கிவிடுங்கோ" என்று மட்டும் சொல்லாமல் நெஞ்செரிவு, வாந்தி, நீங்கள் போடும் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெரியம்மாவுக்கு ஒரு பல்லும் பிடுங்கவில்லை. வயிற்றுக்கு மருந்து எடுக்கிறார், இரண்டு பல்லுக்கு மேல் பூச்சு வைத்திருக்கிறார்கள். உமிக்கரிச் சிரட்டை இப்போது பானை மினுக்கும் இடத்தில் இருக்கிறது.