காணாமல் போன முக்கால் ஜிபி

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்கு முந்தைய வாரங்களில் அச்சக டிசைன் மேசையில் கணினி திணறினால், உட்கார்ந்திருப்பவர் பாடு திண்டாட்டம்தான். மல்லாங்கிணற்றிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் தம்பிகள் அடிக்கடி கேட்கிறார்கள்: "அண்ணே, ரெண்டும் ரெண்டும் நாலு ஜிபி ரேம் போட்டேன். விண்டோஸ் மூணேகால்தான் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?"

ஏமாற்றவில்லை. கணினியில் எவ்வளவு ரேம் இருக்கிறதென்று இயங்குதளம் தானே துழாவிப் பார்ப்பதில்லை. துழாவிய முகவரியில் ரேமுக்குப் பதில் வேறு கார்டு உட்கார்ந்திருந்தால் விபரீதமாகிவிடும். அதனால் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற மென்பொருளைக் கேட்கிறது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் மதர்போர்டின் குட்டிச் சுவிட்சுகளைத் தள்ளி நாம்தான் அளவைச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் வந்த பயாஸ் தானே எண்ணியது. பழைய கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் எண்கள் விறுவிறுவென ஏறுமே, அது அந்தச் சோதனைதான். ஆனால் அன்றைய பயாஸ் 16 பிட்டில், கிலோபைட் கணக்கில் பதில் சொன்னது. 65,535-க்கு மேல் அதற்குச் சொல்ல வராது. 128 எம்பி போட்டவருக்கும் லினக்ஸ் 64-தான் காட்டியது. சரியான அளவை நாமே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது இ820 என்ற அழைப்பு. இதில் பயாஸ் ஒரே எண்ணைச் சொல்லாது. எந்தச் சர்வே எண் பட்டா, எது புறம்போக்கு என்று கிராமக் கணக்கு பிரித்துக் காட்டுவதுபோல், பயன்படுத்தலாம், தொடக்கூடாது என முகவரிகளைப் பட்டியலிட்டுத் தரும்.

இனி தம்பிகளின் முக்கால் ஜிபிக்கு வருவோம். 32 பிட் விண்டோஸுக்கு மொத்தமே 4 ஜிபி முகவரிதான். அதன் மேல்பகுதியை டிஸ்ப்ளே கார்டும் மற்றவையும் எடுத்துக்கொள்ள, அங்கே வரவேண்டிய ரேம் மறைந்துபோகிறது. 64 பிட் இயங்குதளம் போட்டு, மதர்போர்டும் அந்த ரேமுக்கு மேலே வேறு முகவரி கொடுத்தால் முக்கால் ஜிபி திரும்பக் கிடைக்கும். இதற்காக நல்ல கணினியைக் கழித்துக்கட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

பயாஸ் திரையே 2 ஜிபி என்று காட்டினால் கதை வேறு. மின்சாரத்தைத் துண்டித்து, ரேம் ஸ்டிக்கைக் கழற்றி, பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, இரு பக்கக் கிளிப்பும் 'கிளிக்' என்னும்வரை அழுத்துங்கள். ஸ்லாட் மாற்றியும் பாருங்கள். எந்த ஸ்லாட்டிலும் கணக்கில் ஏறாத ஸ்டிக்கை மட்டும் கடைக்கு எடுத்துப் போங்கள்.