பெரட்டுக்கு வரும் வழியும் வேலைதான்

(உலு திராம் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

    

சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ் பற்றிய பேச்சு இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பேச எனக்குப் பின்னால் வல்லவர்கள் காத்திருக்கிறார்கள். எனக்குக் கொடுத்திருப்பது ஒரு சிறு விஷயம். விடியற்காலையில் வீட்டை விட்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் பெரட்டுக் களத்துக்கு வந்து சேரும்வரை எதையெல்லாம் சுமந்து வருகிறோம், அந்த வழியில் விழுந்தால் நம் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதே அது. சிறு விஷயம் என்றேன். கால் ஒடிந்து கிடப்பவன் வீட்டில் போய் அப்படிச் சொல்லிவிட முடியாது.

நம் பாட்டனார் காலத்தில் இந்தக் கேள்வி எழவே இல்லை. லயத்துக் கதவைத் திறந்தால் பெரட்டுக் களம். பெயர் கொடுத்துவிட்டு, காண்டாவைத் தோளில் போட்டு, இரு புறமும் வாளி தொங்க, நடந்தே நிரைக்குப் போனார்கள். பிறகு சைக்கிள் வந்தது. 1958இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற சிறு வண்டியை வெளியிட்டது. பஸ் கழுவிப் பிழைத்து முன்னேறிய பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அதை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தார். அந்தக் ‘கப்’தான் நம் வாயில் ‘கப்சாய்’ ஆயிற்று என்பார்கள். துரையிடமும் பெரிய கிராணியிடமும் மட்டுமே இருந்த மோட்டார் சைக்கிள், மெல்ல மெல்ல லயத்து வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

இன்று நிலைமை தலைகீழ். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை இருந்த இடத்தில் தாமான் வந்தது. லயத்தை விட்டு வெளியேறிய பலர் தாமான் வீடுகளிலிருந்து தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கும் ஜொகூர் பாருவுக்கும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் போகிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாகனம் கப்சாய். பலருக்கும் பொதுவான சாலை, ஜொகூர் பாருவையும் கோத்தா திங்கியையும் இணைக்கும் 3ஆம் எண் கூட்டரசுச் சாலை. லாரிகள் ஓயாமல் ஓடும் அந்தச் சாலையில் நாம் எந்த நேரத்தில் போகிறோம்? இருட்டோடு. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும் என்பது மரத்தின் சட்டம். அதை எந்தச் சங்கமும் மாற்ற முடியாது. இந்நாட்டில் சாலை விபத்தில் மாண்டுபோகிறவர்களில் 10 பேருக்கு 6 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

வெளியே நிற்கிற வண்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். வேலை நாளில் அவற்றின் கோலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன்கூடையில் டிபன் கேரியர். கொக்கியில் தண்ணீர்ப் போத்தல். கைப்பிடியின் ஒரு பக்கம் மழைக்கோட்டுப் பை, மறுபக்கம் ஒட்டுப்பால் சாக்கு. பின்னால், பழைய டியூபை வார்வாராக வெட்டிக் கட்டிய இரண்டு வாளி. இடுப்பில் உளி. இதற்கு மேல் அண்ணனுக்குப் பின்னால் அண்ணி வேறு ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து வருவார். நம்முடைய கப்சாய் பேசத் தெரிந்திருந்தால் அதுவே முதலில் ஒரு சங்கம் அமைத்திருக்கும்!

சிரிக்கிறீர்கள். ஆனால் இந்தச் சுமை ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்கிறது. கைப்பிடியில் தொங்கும் பை, திரும்பும்போது தானும் ஊசலாடி, வண்டியைத் தன் பக்கம் இழுக்கும். பையின் காது அறுந்தால் நேரே முன்சக்கரக் கம்பிக்குள் போகும். சக்கரம் நிற்கும், ஆள் நிற்கமாட்டான். பின்சக்கரத்துக்கும் பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் இலேசாகிவிடும். மேட்டில் ஏறும்போது கைப்பிடி நம் பேச்சைக் கேட்காது. தொளதொளத்த ஒற்றை மழைக்கோட்டும், கைலி நுனியும், துப்பட்டாவும் சங்கிலியைத் தேடிப் போகிறவை. மழைக்கோட்டு வாங்குவதானால் சட்டையும் கால்சட்டையுமாகத் தனித்தனியே உள்ளதை வாங்குங்கள். ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பிப் போட்டு வருகிறீர்களே, அதை நான் குறை சொல்லமாட்டேன். விடியற்காலைக் காற்றுக்கு நம்மவர் கண்ட நல்ல மருந்து அது.

உளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டையைச் சீவும் கூர்மை, தொடையைச் சீவாது என்று நினைக்காதீர்கள். உறையில்லாத உளியை இடுப்பில் செருகிக்கொண்டு விழுந்தால், தோல் உரசிப்போக வேண்டிய விபத்து வயிற்றைக் கிழித்த விபத்தாகிவிடும். பழைய டியூபிலேயே ஓர் உறை தைத்து, உளியை வாளிக்குள் போட்டுக் கட்டுங்கள். செம்பனைப் பகுதித் தோழர்கள் குலை வெட்டும் அரிவாளை நீண்ட கழியோடு தோளில் சாய்த்து ஓட்டி வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வருகிறவன் கழுத்தை யார் காப்பது? பாலை உறைய வைக்கும் ஆசிட்டைக் குடிதண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் கூடையில் வைத்து வருவதை அடியோடு நிறுத்த வேண்டும். கண்ணில் பட்டால் கண் போகும். தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்தால் பிள்ளையே போகும்.

நெற்றி விளக்கு இன்னொன்று. நிரையில் அது நமக்குக் கண். சாலையில் அது எதிரே வருகிறவனின் கண்ணைக் கூசச் செய்யும். தோட்டத்து எல்லை தாண்டியதும் அணைத்துவிட்டு, வண்டியின் முன்விளக்கைப் போடுங்கள். பகலிலும் அது எரிய வேண்டும் என்பது 1992 முதல் சட்டம். தலைக்கவசம் 1973 முதல் சட்டம். வார் பூட்டாத தலைக்கவசம் விழுகிறவனுக்கு முன்னால் தானே போய் விழுந்துவிடும்.

இவ்வளவும் தொழிலாளிக்குச் சொன்னேன். இனி நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியது. வாளியும் காண்டாவும் ஆசிட்டும் யாருக்காகச் சுமக்கப்படுகின்றன? தோட்டத்து வேலைக்காக. அவற்றைத் தினமும் தாமானுக்கும் தோட்டத்துக்கும் இடையே ஏன் ஊர்வலம் விட வேண்டும்? பெரட்டுக் களத்துக்கு அருகே ஒரு கூரை, கம்பி அடைப்பு, ஆளுக்கொரு எண் போட்ட பெட்டி, ஒரு பூட்டு. இதுதான் நாம் கேட்பது. ஆசிட்டும் களைக்கொல்லி மருந்தும் தோட்டத்து வண்டியில் மட்டுமே போக வேண்டும். “பொருள் களவு போனால் யார் பொறுப்பு?” என்று கேட்பார்கள். ஸ்டோரில் இருக்கும் உரமூட்டைக்கு யார் பொறுப்போ அவர்தான் இதற்கும்.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். உளியை விட்டுப் போக மாட்டோம் என்று நம் தோழர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். மாலையில் தன் கல்லில் தானே தீட்டிய உளிதான் மறுநாள் கைக்கு இசையும். நல்ல வெட்டாளி தன் உளியை இன்னொருவன் தொடவும் விடமாட்டான். ஆகையால் உளி வீட்டுக்குப் போகட்டும், உறையோடு. மற்றவை தோட்டத்திலேயே இருக்கட்டும். 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி, 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை வாய்ப்பேச்சாக விடாமல், குறிப்பேட்டில் எழுத வைக்க வேண்டும். எழுதாத கோரிக்கை மழையில் வெட்டிய பாலைப்போல. மங்குக்கு வந்து சேராது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வழியில் விழுந்தால் என்ன கிடைக்கும்?

1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் நாம் சொக்சோ என்கிறோம். அதன் 24ஆம் பிரிவு, வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்தையும் வேலை விபத்தாகவே ஏற்கிறது. அனுமதித்த ஓய்வு வேளையில் பசியாறப் போய்வரும் வழியும் அதில் அடங்கும். வேலையோடு நேரடித் தொடர்புள்ள பயணமும் அடங்கும். நிர்வாகம் உங்களை டவுனுக்கு அனுப்பிச் சாமான் எடுத்து வரச் சொன்னால் அதுவும் வேலைதான். அப்படி அனுப்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிராணிமார்களே, கேட்குமுன் எழுதிக் கொடுங்கள்.

தப்பு யாருடையது என்று வழக்காடி வெல்ல வேண்டிய நட்டஈடு அல்ல இது. விபத்து நாளையும் சேர்த்து 4 நாளாவது மருத்துவ விடுப்பு இருந்தால், கணக்கிடப்படும் நாள் கூலியில் நூற்றுக்கு 80 கிடைக்கும். அந்தக் கூலி 60 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 48 வெள்ளி. உயிர் போய்விட்டால் நூற்றுக்கு 90, அதாவது 54 வெள்ளி. அதில் ஐந்தில் மூன்று பங்கு விதவைக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. போனவர் திரும்பமாட்டார், அடுப்பாவது எரியும்.

ஆனால் அதே 24ஆம் பிரிவில் ஒரு முள் இருக்கிறது. பயணத்தை இடையில் நிறுத்திய வேளையிலோ, வழக்கமான வழியை விட்டு விலகிய வேளையிலோ விபத்து நேர்ந்தால் அது வேலை விபத்து ஆகாது. வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல், ஒட்டுப்பால் சாக்கை இறக்கி வைக்கவோ நண்பரைப் பார்க்கவோ வேறு ரோட்டில் திரும்பினீர்கள் என்றால், அங்கே சட்டத்தின் குடை சுருங்கிவிடுகிறது. நாட்டு நடப்பில் யாரும் வீட்டுக்கும் வேலைக்கும் நூல் பிடித்தாற்போல் போய்வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். சட்டம் எழுதியவர்களுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஆயினும் மனு நிராகரிக்கப்பட்டால் அதோடு கதை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. கடிதத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.

சிங்கப்பூருக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்குள்ள சட்டம் வேறு. முதலாளி ஏற்பாடு செய்த வண்டியில் போனாலன்றி, வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தை அது வேலை விபத்தாகக் கொள்வதில்லை. சொந்த மோட்டார் சைக்கிளில் பாலம் கடப்பவர்கள் சொந்தமாகக் காப்புறுதி எடுத்துக்கொள்வது நல்லது.

சரி, சட்டம் இருக்கிறது. அதை எதைக் கொண்டு நிரூபிப்பது? இங்கேதான் என் இனத்தாராகிய கிராணிமார்களுக்கு வேலை. இன்னார் இன்ன நாளில் வேலைக்கு வந்தார், இத்தனை மணிக்குப் பெரட்டு, இத்தனை மணிக்குப் பால் நிறுத்து முடிந்தது என்பதற்கெல்லாம் செக்ரோலும் பால் கணக்குப் புத்தகமுமே சாட்சி. பெரட்டு நேரத்தைப் பென்சிலால் கிறுக்கி, மாதக் கடைசியில் மையால் நிரப்பும் பழக்கம் சில ஆபீசுகளில் உண்டு. ஒரு குடும்பத்தின் சோறு அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அதற்குரியது 34ஆம் எண் பாரம். “ஆள் குணமாகி வரட்டும், பார்க்கலாம்” என்று மேசை அறைக்குள் போட்டு வைக்கக் கூடாது.

தொழிலாளியின் பங்கும் உண்டு. சாலை விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். புகாரில் “வேலைக்குப் போகும் வழியில்” அல்லது “வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். “சும்மா போய்க்கொண்டிருந்தேன், விழுந்துவிட்டேன்” என்று சொல்லிவிட்டுப் பிறகு திருத்த முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. நமக்கு மலாய் தடுமாறினால் தெரிந்தவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். மருத்துவ விடுப்புச் சீட்டு, போலீஸ் புகார், வேலை நேரப் பதிவு, வீட்டிலிருந்து வேலையிடம்வரை வழி காட்டும் வரைபடம் ஆகியவை கேட்கப்படும்.

கடைசியாக, காண்டிராக்ட் ஆட்கள். “நான் தோட்டத்து ஆள் இல்லை, எனக்கு சொக்சோ கிடையாது” என்று தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படியில்லை. காண்டிராக்டர் மூலம் எடுத்த ஆளுக்கும் சந்தா போய்ச் சேரும்படி பார்ப்பது தலைமை முதலாளியின் கடமை என்று சட்டம் சொல்கிறது. நம்மோடு மரம் வெட்டும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் 2019 ஜனவரி 1 முதல் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. 60 வயது தாண்டியவர் சம்பளத்தில் பிடித்தம் இராது. ஆனால் அவருக்காக முதலாளி கட்டியாக வேண்டும். ஆகவே இந்த மாதச் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்து, சொக்சோ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று ஆபீசில் கேளுங்கள். பதில் வராவிட்டால் எங்களிடம் சொல்லுங்கள்.

முன்மேசையில் வெள்ளைத் தாள் வைத்திருக்கிறோம். போகுமுன் ஒவ்வொருவரும் உங்கள் வீடு, பெரட்டுக் களம், இரண்டுக்கும் நடுவே தினமும் வரும் ரோடு, திரும்பும் சந்தி ஆகியவற்றை வரைந்து, பெயரும் தேதியும் போட்டு ஒரு படியை எங்களிடம் கொடுத்துவிட்டு, ஒரு படியை வீட்டில் அடையாள அட்டைப் படியோடு சேர்த்து வையுங்கள். வரையத் தெரியாதவர்கள் வழியைச் சொல்லுங்கள். நான் உட்கார்ந்து வரைந்து தருகிறேன். கருவிக் கொட்டகைக் கோரிக்கையில் கையொப்பம் இடுவோர் பட்டியலும் அதே மேசையில் இருக்கிறது.